ரேடியோவா, வீடியோவா: கடற்கரைக் கலைஞரைப் பேட்டி எடுக்க எது தோது?

அம்பா, அதாவது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, பாடும் பெரியவர் ஒருவரை வானொலி ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்திருந்தோம். கரைவலை இழுத்தே வயதானவர். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த சின்ன அறை, ஏசி, முகத்துக்கு முன்னால் மைக். "பாடுங்கய்யா" என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு அடி பாடினார், நிறுத்திவிட்டார். "கையில கயிறு இல்லாம எப்படித் தம்பி வரும்?"

வாசலில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து வந்து ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தோம். எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, காலை ஊன்றி இழுத்தார். அப்புறம் பாட்டு வந்தது. இழுக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பி முனகிய சத்தமும் கூடவே பதிவாகியிருக்கிறது. வெட்ட மனசு வரவில்லை, அப்படியே ஒலிபரப்பினோம்.

கேட்டுவிட்டு ஒரு நண்பர் சொன்னார்: "இதை வீடியோ எடுத்திருக்கணும்யா." அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இது. சமுதாய வானொலிக்கு வாரம் ஒரு பேட்டி, அதே மாதிரி ஆட்களை வைத்து யூடியூபுக்கும் பேட்டி என்று இரண்டிலும் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் எழுதுகிறேன். இரண்டும் சமம் என்று சொல்லப்போவதில்லை.

எட்டும் தூரம்

இந்தியாவில் சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி பொதுவாக 100 வாட். ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். கடல்மேல் மறைப்பு ஏதும் இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற ஊரில் இந்த 30 மீட்டர் கம்பியைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் பாம்பனில் 2016 முதல் 90.4ல் ஒலிக்கிற கடல் ஓசை இந்த அளவுக்குள்தான் மீனவர்களுக்கென்று ஒரு வானொலியாக நிற்கிறது. பாம்பனில் பேசினால் தங்கச்சிமடத்தில் கேட்கும், மண்டபத்தில் கேட்கும். கீழக்கரைக்கோ தொண்டிக்கோ எட்டாது.

யூடியூபுக்கு எல்லை இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது வேறு மாதிரியான எட்டல். கத்தாரிலும் சவுதியிலும் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள். பக்கத்துத் தெருக்காரர் பார்ப்பாரா என்பது சந்தேகம். ரேடியோ பேட்டி வந்த மறுநாள் டீக்கடையில் அந்தக் கலைஞரை நிறுத்தி நாலு பேர் விசாரிப்பார்கள். வீடியோவுக்கு ஐயாயிரம் பேர் வந்து போயிருப்பார்கள், டீக்கடையில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் காதுக்குப் பழக்கம் அதிகம். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். குரலை வைத்தே ஆளை எடைபோடுவார்கள். "அந்தப் பொண்ணு சிரிக்கிறது பொய்ச் சிரிப்பு" என்று எங்கள் அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றி ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

முகம் வேண்டாம் என்பவர்கள்

எனக்கு ரேடியோ பக்கம் சாய்வு வந்ததற்கு முதல் காரணம் பாசிக்குப் போகிற பெண்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுப்பவர்கள். ஆண்களின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, விரல் விரலாகத் துணி சுற்றி இறங்குவார்கள். அவர்களில் ஓர் அக்கா பிரமாதமாகக் கும்மிப் பாட்டுப் பாடுவார், முளைப்பாரி சமயத்தில் ஊரே அவர் பின்னால் நிற்கும். கேமராவை எடுத்ததும், "முகம் வேணாம் தம்பி, குரல் போதும்" என்றார். 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. முகத்தைக் காட்டினால் நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்கிற பயம் ஒரு பக்கம், மருமகன் வீட்டார் என்ன சொல்வார்களோ என்பது மறுபக்கம். முகம் காட்ட விரும்பாத பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். வீடியோ மட்டும்தான் என்று முடிவெடுத்தால் அந்தப் பாட்டெல்லாம் நமக்குக் கிடைக்காது.

ஒப்பாரி இன்னும் சிக்கல். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பார்கள், அதை மதிக்கத்தான் வேண்டும். மைக் மட்டும் இருந்தால், வீட்டுக்கு வெளியே, ஊரணிக் கரையிலோ வேப்பமரத்தடியிலோ உட்கார்ந்து ஒன்றிரண்டு வரி சொல்லிக் காட்டுவார்கள். கேமரா முன்னால் அதுவும் வராது.

கேமரா வந்தால் பேச்சே மாறிவிடுகிறது. முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து "வந்தான், போனான்" என்று பேசிய தவில்காரர், மறுநாள் தலைக்கு மை பூசி, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து "அக்காலகட்டத்தில் யாங்கள்" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் காத்திருந்தும் முதல் நாள் ஆளைப் பார்க்க முடியவில்லை.

கை பேசுகிற வேலைகள்

ஆனால் ரேடியோ அடியோடு தோற்கிற இடமும் இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடைகிற ஒருவரை ஒரு மணி நேரம் ஒலிப்பதிவு செய்தேன். காய்ந்த குருத்தோலையைக் கத்தி முனையால் வகிர்ந்து, தண்ணீர் தொட்டு, பெருவிரல் நகத்தால் நீவி, மூலைக்கு வந்ததும் நாலு ஓலையை மடித்து உள்ளே செருகுவார். அந்த மூலைதான் கலை. ரேடியோவில் அது "சரக், சரக்" என்று மட்டும் கேட்டது. "இப்ப மடிக்கிறாங்க, இப்ப செருகுறாங்க" என்று நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொன்னதை இப்போது கேட்டால் கூச்சமாக இருக்கிறது.

வள்ளத்துப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடிக்கிற கலப்பத்து வேலை, சங்கிலும் சிப்பியிலும் செய்கிற வேலை, சிலம்பத்தில் கால் வைக்கிற முறை, ஒயிலாட்டத்தில் கைக்குட்டை திரும்புகிற நேரம், இதெல்லாம் வீடியோவுக்குரியவை. பேச்சே வேண்டாம். பத்து நிமிடம் கையை மட்டும் எடுத்தால் போதும். அந்தப் பாசி அக்காவும் இதற்குச் சம்மதித்தார்: துணி சுற்றிய விரல்கள் மட்டும் படத்தில், குரல் பின்னால்.

காற்று

பழக்கமில்லாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கரையில் வைத்து போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். படம் அழகாக இருக்கும், ஒலியில் பெரிய துணியை உதறுகிற சத்தம்தான் இருக்கும். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், ஒலி கெட்டால் அரை நிமிடம்கூட உட்கார மாட்டார்கள்.

அதனால் வீடியோ எடுத்தாலும் ஒலியைத் தனி ரெக்கார்டரில்தான் எடுக்க வேண்டும். மைக்குக்கு ரோமம் வைத்த உறை போடுங்கள். கரையேற்றி வைத்த படகின் காற்றடிக்காத பக்கம் உட்காருங்கள். தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கை தட்டினால், அந்தத் தட்டை வைத்துப் படத்தையும் ஒலியையும் பின்னால் ஒட்டிவிடலாம். ஐஸ் உடைக்கிற மெஷினும் ஜெனரேட்டரும் ஓடுகிற பக்கம் போகவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மைக் பின்னைத் துடைத்து வையுங்கள், உப்புக்காற்றுக்கு ஒரே மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.

கோப்பின் கனமும் ஒரு கணக்கு. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ஒரு மணி நேரப் பேட்டி 60 எம்பிக்குள் அடங்கும். அதே ஒரு மணி நேரம் 1080பி வீடியோ என்றால் பல ஜிபி. சிக்னல் வந்து போகிற ஊரில் இருந்து அதை ஏற்ற ராத்திரி விழித்திருக்க வேண்டும்.

விதியும் காசும்

சமுதாய வானொலியைத் தனி ஆள் தொடங்க முடியாது. பதிவு பெற்று 3 வருடம் ஆன தொண்டு அமைப்போ கல்வி நிறுவனமோதான் உரிமம் கேட்க முடியும். ஆகவே நமக்கு இருக்கிற வழி, ஏற்கெனவே இயங்குகிற நிலையத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்குவது. பாதிக்குக் குறையாத நிகழ்ச்சிகள் உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி என்பதால் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒலிபரப்பியதை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று விதி சொல்லாது. ஒரு நிலையத்தில் கொடுத்த என்னுடைய பதிவுகள் சில, ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று அழிக்கப்பட்டதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். கைவசம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளாதது என் தப்பு.

செய்தி, அரசியல் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடும் ரேடியோவில் உண்டு. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். வேறு ஊரில் இது பொருட்டே இல்லை. இந்தக் கரையில் பாட்டுக்காரர் வாயைத் திறந்தால் பிடிபட்ட படகு வந்துவிடும், திரும்பி வராத அண்ணன் வந்துவிடுவான். துக்கம் எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்று எடிட் பண்ணுகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் அந்தத் தொல்லை இல்லை. கீழே வருகிற பின்னூட்டங்கள்தான் தொல்லை.

வருமானம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், இரண்டிலும் கனவு காண வேண்டாம். வானொலிக்கு 2024 முதல் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் அனுமதி, அதற்கு முன் 7 நிமிடம். அந்தக் காசு நிலையத்தின் கரண்ட் பில்லுக்கே காணாது. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். வில்லுக்கும் உறுமிக்கும் அது மெதுவாகத்தான் சேரும். நையாண்டி மேளக்காரர் குஷியாகச் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டால் உரிமைக் கோரிக்கை வந்து, வருகிற சில்லறையும் வேறு யாருக்கோ போய்விடலாம்.

கலைஞருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் மட்டும் வீடியோ தெளிவாக ஜெயிக்கிறது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் செட்டு, அதாவது ஆட்டக் குழு, பேசும்போது இப்போதெல்லாம் "வீடியோ இருந்தா அனுப்புங்க" என்றுதான் கேட்கிறார்கள். மூன்று நிமிடக் கரகாட்ட வீடியோ அச்சாரம் வாங்கித் தரும். அரை மணி நேர ரேடியோ பேட்டி மரியாதை வாங்கித் தரும். மரியாதையை வைத்து அரிசி வாங்க முடியாது என்று ஒரு செட்டுத் தலைவர் என்னிடமே சொன்னார்.

அதே சமயம் வீடியோவை யாராவது இறக்கிக்கொண்டு வேறு பெயரில் போட்டுவிடுவார்கள். நிகழ்த்துகிறவரின் அனுமதி இல்லாமல் அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பரப்பக் கூடாது, அந்த உரிமை 50 வருடத்துக்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நாம் முதலில் அதை மதிக்கலாம்: பேட்டி தொடங்கும் முன், எங்கெல்லாம் போடப்போகிறோம் என்று சொல்லி, அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான் இப்போது செய்வது

முதலில் ஒலி. கேமரா பைக்குள்ளேயே இருக்கும், தெரியவே கூடாது. ஒரு மணி நேரம் பேசி, டீ குடித்து, ஆள் இளகிய பிறகு, "அந்த ஒரு பாட்டை மட்டும் படம் பிடிச்சுக்கவாண்ணே?" என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேச்சு வானொலிக்குப் போகும், ஆட்டமோ கைவேலையோ மூன்று நான்கு நிமிட வீடியோவாகப் போகும், கலைஞர் சம்மதித்தால் செட்டின் போன் நம்பரோடு. வீடியோவில் தொடங்கி அதன் ஒலியை உருவி ரேடியோவுக்குக் கொடுக்கிற முறையையும் செய்து பார்த்தேன். "இதைப் பாருங்க, இப்படித்தான்" என்று அவர் காட்டுவார், கேட்கிறவன் எதைப் பார்ப்பான்?

நாள் பார்ப்பதும் முக்கியம். கடல்காரர்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் நல்லது, விசைப்படகுக்காரர்கள் 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். கரகம், ஒயில் செட்டுகளுக்கு அதுவே தலைக்கு மேல் வேலை உள்ள சீசன், பங்குனியில் இருந்து ஆடி வரை தேதி கிடைக்காது. அவர்களை ஐப்பசி மழையில் வீட்டில் போய்ப் பாருங்கள். ஆற அமரப் பேசுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவர்களுடைய பதிவை அவர்கள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அம்பா பெரியவருக்குப் பேரன் போனில் அனுப்பிவைத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கரைப் பக்கம் போனபோது, படகு நிழலில் ஐந்தாறு பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் பெரியவர் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பெரியவரும் உட்கார்ந்திருந்தார். முனகல் சத்தம் வந்ததும் ஒரு பையன் தலைநிமிர்ந்து, "இந்தா, ஜன்னல் வருது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல், அடுத்த அடியை ஸ்பீக்கருக்கு முந்தியே எடுத்துக் கொடுத்தார்.