கூரா கட்டில்: பிள்ளை தானே அமைக்கும் அறைக்குப் பொருந்துமா?

பிள்ளைகளின் அறைக்கென்று கடைகளில் விற்கப்படும் பொருள்களில் பல, பெற்றோரின் கண்ணைக் கவர்வதற்காகவே செய்யப்பட்டவை போலத் தோன்றுகின்றன. கார் வடிவக் கட்டிலிலும் இளவரசிக் கட்டிலிலும் பிள்ளை தன் விருப்பப்படி சேர்ப்பதற்கோ மாற்றுவதற்கோ எதுவும் மிச்சமிருப்பதில்லை. ஐகியா அறைகலன் நிறுவனத்தின் கூரா கட்டில் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது பாதி வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறது என்பதுதான். 8 வயது மகள் தன் அறையைத் தானே மாற்றியமைக்க விரும்பியபோது, பினாங்கின் பத்து காவான் ஊரிலுள்ள கிளையில் இதைத் தேர்ந்தெடுத்தோம். 2019-இல் அக்கிளை திறக்கப்பட்ட பிறகு, பினாங்குத் தீவில் இருப்பவர்கள் இரண்டாவது பாலத்தைக் கடந்தாலே இப்பொருள்களை நேரில் தொட்டுப் பார்த்து வாங்க முடிகிறது.

பைன் மரச் சட்டத்தால் ஆன இக்கட்டிலின் நீளம் 209 செ.மீ., அகலம் 99 செ.மீ., உயரம் 116 செ.மீ. ஒரு பக்கமாக வைத்தால் தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டில். தலைகீழாகப் புரட்டினால் கீழே 83 செ.மீ. இடைவெளியுடன் கூடிய உயர்ந்த கட்டில். பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டிய அந்த இடைவெளியில் 8 வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். வாங்குவதற்கு முன், அதன் அளவைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்து, கதவும் அலமாரியும் தடையின்றித் திறக்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொன்னோம். கட்டிலை எந்த மூலையில் போடுவது என்ற முடிவு அவளுடையது. ஒரேயொரு நிபந்தனை மட்டும் எங்களுடையதாக இருந்தது.

அது காற்றாடியைப் பற்றியது. நம் வீடுகளில் பெரும்பாலும் அறையின் நடுவே காற்றாடி சுழல்வதால், உயரமான கட்டில் எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். மெத்தையோடு சேர்த்துப் படுக்கும் தளம் ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்குமானால், 125 செ.மீ. உயரமுள்ள பிள்ளை அதன்மேல் எழுந்து நிற்கும்போது தலை 2.25 மீட்டரை எட்டிவிடும். கையைத் தூக்கினால் இறக்கையைத் தொட்டுவிடக்கூடும். மற்ற மாடிக் கட்டில்களோடு ஒப்பிட்டால் கூரா தாழ்வானதுதான், என்றாலும் காற்றாடிக்கு நேர் கீழே அதைப் போடக் கூடாது. சிறிய அறையில் விலக்கி வைக்க மூலையே இல்லையென்றால், தாழ்ந்த நிலையில் பயன்படுத்துவதே சரி.

மெத்தையிலும் கவனம் தேவை. கூராவுக்குரிய மெத்தை 90 × 200 செ.மீ.; மலேசியக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஒற்றை மெத்தையோ 91 × 190 செ.மீ. பழைய மெத்தையையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குக் கால்மாட்டில் 10 செ.மீ. இடைவெளி விழும் என்பதால், மெத்தைக்கும் விரிப்புக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். தடித்த மெத்தையும் வேண்டாம். மெத்தை உயர உயரப் பக்கத் தடுப்பு பயனற்றுப் போகும்.

இனி மகளின் பங்கு. கட்டிலைச் சூழ்ந்துள்ள வெள்ளைப் பலகைகளே அவளுக்குச் சுவராக அமைந்தன. ஆணி அடிப்பதற்கும் நிறம் மாற்றுவதற்கும் வீட்டுக்காரரின் அனுமதி தேவைப்படும் வாடகை வீடுகளில் இது பெரிய வசதி. பலகையின் மேற்பரப்பு வழவழப்பானது என்பதால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்துவிட்டு, தூரிகையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது நல்லது. எங்கள் மகள் ஒரு பலகையில் பினாங்குக் கொடிமலை ரயிலை வரைந்தாள். இன்னொன்றை முழுக்கக் கறுப்பாக்கினாள். அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அது என் அறை அல்லவே. உயர்ந்த நிலையில் கீழ்ப்பகுதியைச் சுற்றிப் பாட்டியின் பழைய நூல் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திரை முழுவதையும் மூடினால் காற்றாடியின் காற்று உள்ளே செல்வதில்லை. ஒரு பக்கத்தையேனும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

பொருள்களை அடுக்க அதே கடையின் டிரோஃபாஸ்ட் பெட்டி அடுக்கு போதுமானது. இழுப்பறை அலமாரி வாங்குவோர் அதைச் சுவரோடு பிணைக்காமல் விடக் கூடாது. பிள்ளைகள் ஏறிக் கவிழ்ந்த விபத்துகளை அடுத்து, 2016-இல் அமெரிக்காவில் மட்டும் இந்நிறுவனத்தின் சுமார் 29 மில்லியன் அலமாரிகள் திரும்பப் பெறப்பட்டன. வாடகை வீடாக இருந்தாலும் இந்த ஒரு துளைக்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

உயர்ந்த நிலையில் மேலே படுப்பது 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. இளைய பிள்ளை அதே அறையில் இருந்தால், மூத்தவர் உறங்கும் நேரம் மட்டுமன்றிப் பகல் முழுவதும் ஏணி அங்கேயே இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய வீடுகள் இப்போதைக்குத் தாழ்ந்த கட்டிலாகப் பயன்படுத்திவிட்டு, சின்னவருக்கு 6 வயதான பிறகு புரட்டிக்கொள்ளலாம். புரட்டுவதற்குப் பெரியவர்கள் இருவர் வேண்டும்.