முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்: தூது போனது யார்?

செருப்பில்லாமல் வயல் வரப்பில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாதத்தில் முள் குத்தி, அதைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று நாட்களில் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஓரிடம், வீக்கம் இரண்டு முழம் தள்ளி. வீங்கியிருப்பது நிணநீர்க் கணு. டி செல்கள், பி செல்கள் என்ற இருவகை வெள்ளணுக்கள் அதற்குள் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கியிருக்கும்.

பாதத்தில் நடக்கும் சண்டை, பிறக்கும்போதே உடன்வரும் இயல்பு எதிர்ப்பாற்றலின் வேலை. சில மணி நேரத்தில் மூண்டுவிடும். ஆனால் இன்ன கிருமி என்று நுணுகிப் பார்க்காது. கணுவில் நடப்பது பெறப்பட்ட எதிர்ப்பாற்றல். தயாராக ஒரு வாரம்போலப் பிடிக்கும். ஆனால் வந்த கிருமியை மட்டும் குறிவைக்கும், பிறகு மறக்காது. அங்கிருந்து இங்கே தூது போவது யார்? பாடப்புத்தகங்கள் மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல், பி செல் மூன்றையும் 'ஆன்டிஜெனை (கிருமியை அடையாளம் காட்டும் பொருளை) எடுத்துக்காட்டும் செல்கள்' என்று ஒரே வரியில் அடக்கிவிடுகின்றன. அந்த வரியின்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம். படிக்கும் பிள்ளை மூன்றும் ஒரே வேலைக்காரர்கள் என்றுதான் நினைக்கும். அப்படி இல்லவே இல்லை.

மேக்ரோஃபேஜின் கதையும் முள்ளில்தான் தொடங்குகிறது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் விலங்கியலாளர் இலியா மெச்னிக்காஃப், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளம்உயிரிகளுக்குள் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. விழுங்கிக் காக்கும் செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. விழுங்குவதில் மேக்ரோஃபேஜுக்கு நிகரில்லை. தூதனாக அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அமிலமும் நொதிகளும் நிறைந்த பைக்குள் தள்ளி, கிருமியை ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுகிறது. டி செல்லுக்குக் காட்ட வேண்டியது சில அமினோ அமிலங்கள் நீளமுள்ள புரதத் துணுக்கு. அடையாளம் சொல்ல அதாவது மிஞ்ச வேண்டாமா? போதாக்குறைக்கு, மேக்ரோஃபேஜ் பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

டென்ட்ரிடிக் செல்லை முதலில் பார்த்தவர் அதை இன்னதென்று அறியவில்லை. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலில் கிளை விரித்துக் கிடந்த செல்களைக் கண்டு, நரம்பு என்று எண்ணினார். நூறாண்டுக்கு மேல் கடந்தபின், 1973இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மேனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் இதே குடும்பத்துச் செல்களைக் கண்டார்கள். மரம்போலக் கிளைத்திருந்ததால், மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். எண்ணிக்கை மிகச் சொற்பம் என்பதால் பலர் பொருட்படுத்தவில்லை. 1978இல் ஸ்டைன்மேனின் ஆய்வகமே பதில் சொன்னது: வேற்று எலியின் டி செல்களைத் தூண்டுவதில் இவை மற்ற மண்ணீரல் செல்களைவிடக் குறைந்தது நூறு மடங்கு வல்லவை.

இந்த வல்லமை எங்கிருந்து வருகிறது? முதலாவது, இது அரைகுறையாகத்தான் செரிக்கிறது. புரதத்தை உடைக்கும் நொதிகள் குறைவு, பையில் அமிலமும் மட்டு. துணுக்குகள் மிஞ்சுகின்றன. இரண்டாவது, கிருமியை உணர்ந்ததும் விழுங்குவதை நிறுத்திவிட்டுப் புறப்படுகிறது. சிசிஆர்7 என்ற ஏற்பி (சைகையை வாங்கும் மூலக்கூறு) அதன் மேற்பரப்பில் முளைத்து, நிணநீர்க் கணுவுக்கு வழிகாட்டுகிறது. குறிப்பிட்ட ஒரு துணுக்குக்குப் பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். கிளைகளை வீசிக்கொண்டு, கணுவழியே போகும் டி செல்களை மணிக்கு ஆயிரக்கணக்கில் தொட்டுப் பார்த்தே அதைத் தேடிப்பிடிக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. துணுக்கை மட்டும் காட்டினால் டி செல் விழிக்காது. சிடி80, சிடி86 என்ற துணை மூலக்கூறுகளும் தொட வேண்டும். டோல் போன்ற ஏற்பிகள் கிருமியின் சாயலை உணர்ந்தால்தான் இவை டென்ட்ரிடிக் செல்லின்மேல் போதிய அளவு ஏறும். எதிர்ப்பு தொடங்க இயல்பு எதிர்ப்பாற்றலின் ஒப்புதல் வேண்டும் என்று எதிர்ப்பாற்றல் ஆய்வாளர் சார்ல்ஸ் ஜேன்வே 1989இலேயே கருதினார். சான்றுகள் பிறகே வந்தன. அந்த ஒப்புதல் இல்லாமல் காட்டப்படும் துணுக்கு டி செல்லை விழிக்க வைப்பதற்குப் பதிலாக முடக்கிவிடும். நம் உடலின் புரதங்களை நாமே தாக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2011ஆம் ஆண்டு மருத்துவ நோபலில் பாதி ஸ்டைன்மேனுக்கு. மறுபாதி டோல் ஏற்பிகளின் வழியைத் திறந்த புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும். அறிவிப்பு வந்தது அக்டோபர் 3. கணையப் புற்றுநோயுடன் நான்கரை ஆண்டுகள் வாழ்ந்து, தன் டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டே செய்த சோதனைத் தடுப்பூசிகளையும் ஏற்றுக்கொண்ட ஸ்டைன்மேன், செப்டம்பர் 30 அன்றே இறந்துவிட்டிருந்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த மூன்று நாள் இடைவெளி நெஞ்சைப் பிசைகிறது.

பி செல் வேறு ரகம். கண்டதையெல்லாம் விழுங்காது, தன் ஏற்பிக்குப் பொருந்தும் ஒன்றையே பிடிக்கும். அதுவும் கணுவில் இருந்தபடியே, நிணநீரோடு மிதந்து வருவதிலிருந்து. பிடித்ததை உடைத்து, ஏற்கெனவே விழித்த டி செல்லிடம் காட்டி உதவி கேட்கும். தூது என்பதைவிட மனு என்று சொல்லலாம். குழந்தைகளுக்கு மூளை உறைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி, இந்த மனுவை நம்பித்தான் செய்யப்படுகிறது. ஹிப் கிருமியின் உறை சர்க்கரைச் சங்கிலி. டி செல்லின் உதவிக்குப் புரதத் துணுக்கு வேண்டும். வெறும் சர்க்கரையைக் கொடுத்தால் கைக்குழந்தைக்குச் சரியான எதிர்ப்பு வராது. சர்க்கரையோடு டெட்டனஸ் டாக்சாய்டு (நச்சுத்தன்மை நீக்கிய டெட்டனஸ் நச்சு) போன்ற புரதத்தை ஒட்டிவிட்டால், பி செல் சர்க்கரையைப் பிடித்து, கூடவே உள்ளே போன புரதத்தைக் காட்டி உதவி பெற்றுவிடுகிறது. இந்த ஹிப் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்திய அரசு 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது.

காமா டெல்டா என்ற தனிவகை டி செல்களை, இயல்பு, பெறப்பட்ட எதிர்ப்பாற்றல் என்ற இரு தரப்புக்கும் நடுவே நிற்பவை என்பார்கள். டி செல்லின் ஏற்பியோடு இயல்பு எதிர்ப்பாற்றலின் வேகமும் அவற்றுக்கு உண்டு. ஆனால் விழிக்காத டி செல்லை முதன்முதலில் எழுப்பும் பொறுப்பில் டென்ட்ரிடிக் செல்லுக்கு மாற்றாக அவற்றை என்னால் வைக்க முடியவில்லை.

ஆக, முதல் தூது டென்ட்ரிடிக் செல்லுடையது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுமொழி யாரிடம் வந்து சேர்கிறது? காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கும். டி செல் வந்து காமா இன்டர்ஃபெரான் என்ற சைகைப் புரதத்தைச் சுரந்தால்தான் மேக்ரோஃபேஜ் முழு வலுவோடு அதை எதிர்க்கும். அந்த இன்டர்ஃபெரானை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த கிருமியே உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. எச்ஐவி டி செல்களை அழிக்கும்போது காசநோய் தலைதூக்குவதும் இதனால்தான்.

முள் குத்திய பாதத்திலும் இதுவே முறை. கணுவில் பெருகிய டி செல்கள் சில நாள் கழித்து ரத்தத்தின் வழியாகப் புண்ணுக்கு வந்து சேரும்போது, அவற்றின் சொல்லைக் கேட்க அங்கே மேக்ரோஃபேஜ் காத்திருக்கும்.