ஆறிப்போகும் சூப்: பக்கத்துத் தெரு சுகேமென் அனுபவம்

டோக்கியோவில் நான் குடியிருக்கும் பகுதியிலுள்ள ராமென் கடையில் சுகேமென் விலை 1,000 யென்னைத் தாண்டிவிட்டதே, இனியும் அங்கே சாப்பிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ராமெனில் நூடுல்ஸைச் சூப்பிலேயே போட்டுத் தருவார்கள்; சுகேமெனில் குளிர்ந்த நூடுல்ஸைத் தட்டிலும் சூடான சூப்பைக் கிண்ணத்திலும் தனித்தனியாகத் தருவார்கள், தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பல ஆண்டுகளாக அங்கே சாப்பிட்டு வருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: விலை எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை, சூப் ஆறிப்போவதுதான் குறை.

நூடுல்ஸைப் பொறுத்தவரை குற்றம் சொல்ல இடமே இல்லை. ராமெனுக்குப் போடுவதைவிடத் தடித்த இழைகளை நெடுநேரம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் கைகளால் தேய்த்து அலசி, மேலே படிந்திருக்கும் மாவுப் பசை முழுவதும் போனபின் நீரை நன்றாக வடித்து, தட்டில் மடித்து வைக்கிறார்கள். வெளியே வழுவழுப்பு, உள்ளே பல்லுக்கு எளிதில் மசியாத இறுக்கம், மெல்ல மெல்ல ஊறிவரும் கோதுமையின் இனிப்பு என்று அலசிய கையின் பக்குவம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். முதல் இரண்டு இழைகளை நான் எப்போதும் சூப்பில் தோய்க்காமல் வெறுமனே தின்பேன்.

பன்றி எலும்பைக் கெட்டியாகக் காய்ச்சி, கருவாட்டுப் பொடி சேர்த்த சூப்பும் தொடக்கத்தில் அருமைதான். ஆனால், குளிர்ந்த நூடுல்ஸைத் தோய்க்கத் தோய்க்க அந்தச் சிறு கிண்ணத்தின் சூடு குறைந்துகொண்டே போகிறது. பாதித் தட்டு காலியாவதற்குள் கொழுப்பு விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, சூப் பிசுபிசுத்து, உப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. 1955இல் டோக்கியோவின் நகானோ பகுதியிலுள்ள தாய்ஷோகென் கடையில் யமகிஷி கசுவோ என்ற ராமென் சமையல்காரர் சுகேமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சூப் புளிப்பும் இனிப்புமாக நீர்த்திருந்தது, ஆகவே ஆறினாலும் அவ்வளவாகக் கெடாது. 2000க்குப் பிறகு பரவிய இந்தக் கெட்டிச் சூப்புக்குச் சூடுதான் உயிர்.

இது கடைக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் கேட்டால் நன்றாகச் சுட்ட கல் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள், சூப் மீண்டும் கொதித்தெழும். விலையை ஏற்றிய கையோடு அதை நிறுத்திவிட்டார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். நூடுல்ஸையே சூடாகத் தரும் ‘அத்சுமொரி’யைக் கேட்டு வாங்கலாம். ஆனால், சூட்டில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நான் தேடிப் போகும் அந்த இறுக்கமே தளர்ந்துவிடுகிறது.

நியாயமாகச் சொன்னால், சாப்பிட்டு முடித்தபின் கிண்ணத்தை நீட்டியதும் மிச்சச் சூப்பில் கொதிக்கும் மீன் சாற்றை ஊற்றித் தருகிறார்களே, அந்த ‘சூப் வாரி’ போதும், வந்த எரிச்சலில் பாதி இறங்கிவிடும். உறைந்த கொழுப்பு கரைந்து, உப்பு அடங்கி, கருவாட்டு மணம் மேலெழும்போது அந்தச் சமையல்காரர் மேல் மதிப்பு கூடவே செய்கிறது.

இருந்தாலும், இந்தக் குளிர்காலத்தில் அங்கே சுகேமென் வேண்டாம் என்றுதான் நண்பருக்கு எழுதியிருக்கிறேன். கல் திரும்பி வரும்வரை அங்கே ராமெனையே வாங்கிச் சாப்பிடட்டும்.