லினக்ஸில் பல ஆண்டுகள்: பழுது வந்தால் யாரைக் கேட்பது?

எனக்கு வேலைக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் லினக்ஸ் இயங்குதளம்தான். உபுண்டுவில் தொடங்கி, நடுவில் டெபியன், இப்போது ஃபெடோரா. எழுதுவது லிபர் ஆபிஸில், இணையம் ஃபயர்பாக்ஸில். இப்படிப்பட்ட லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ என்பார்கள்) எது நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இத்தனை காலத்தில் ஏதாவது மக்கர் செய்தபோது யார் சரிசெய்தார்கள், யார் கையை விரித்தார்கள் என்பதுதான் விஷயம். யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளை வைத்துக் காசு பார்க்கும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஏதாவது செய்யக் கடமைப்பட்டவையா என்ற கேள்விக்கு என் பதில் இந்த அனுபவத்திலிருந்துதான் வருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் லினக்ஸ்காரர்களுக்குப் பிரிண்டர் வாங்குவது பெரிய ஆராய்ச்சி. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை இயக்கும் டிரைவர் நிரல் இருக்கிறதா என்று தேடி, இருந்தாலும் ஓடுமா என்று தெரியாமல்தான் வாங்க வேண்டும். இன்று வைஃபையில் இணைத்தால் பிரிண்டர் தானாகவே பட்டியலில் வந்து நிற்கிறது. இதன் பின்னால் ஆப்பிளின் கை இருக்கிறது. லினக்ஸும் மேக்கும் பயன்படுத்தும் கப்ஸ் என்ற அச்சு அமைப்பின் மூலநிரலை அது 2007-இல் வாங்கியது, எழுதியவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2010-இல் ஐபோனிலிருந்து அச்சிட ஏர்பிரிண்ட் வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்களை இழக்க விரும்பாத பிரிண்டர் நிறுவனங்கள் தனி டிரைவர் வேண்டாத ஐபிபி என்ற பொது அச்சு முறைக்கு வந்து சேர்ந்தன. இதில் எதையும் ஆப்பிள் எனக்காகச் செய்யவில்லை. தன் பொருள் விற்க வேண்டும் என்று செய்தது, பலன் எனக்கும் கிடைத்தது.

கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலின் புதுப்பிப்பும் அப்படித்தான். முன்பு அதற்காகவே ஒரு மூலையில் விண்டோஸை வைத்திருக்க வேண்டும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் பொறியாளர் ஒருவர் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவையில் டெல், லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேரை (பயாஸ் போன்ற வன்பொருள் நிரல்களை) ஏற்றத் தொடங்கிய பிறகு, மற்ற அப்டேட்டுகளோடு அதுவும் வந்துவிடுகிறது. கேம் விளையாடுகிறவர்கள் வால்வ் நிறுவனத்தைக் கொண்டாடுவதற்கும் காரணம் உண்டு. 2018-இல் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான், 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி. அந்தக் கருவிக்காக அவர்கள் சம்பளம் கொடுத்துச் செய்த கிராஃபிக்ஸ் டிரைவர் வேலை, ஸ்டீம் டெக் வாங்காதவர்களின் ஏஎம்டி மடிக்கணினியிலும் ஓடுகிறது. இவ்வளவு ஏன், நான் தட்டும் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் உட்கார்வதே ஹார்ஃப்பஸ் என்ற நிரலின் வேலை. அதை எழுதியவர் ரெட் ஹாட்டிலும் பிறகு கூகுளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்தவர்.

ஆக, வாடிக்கையாளர் சேவை எண் எதையும் கூப்பிடாமலே எனக்குப் பெரிய உதவிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு நிறுவனம் தன் திருத்தத்தை அந்த மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பினால் போதும், அது எல்லோருக்கும் வந்துவிடும். ஆதரவு என்று நான் முதலில் எண்ணுவது இதைத்தான்.

இனி கசப்பு. ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியை வாங்கினேன். உள்ளே லினக்ஸ், கோப்புகளைப் பகிர சம்பா என்ற கட்டற்ற நிரல். கொஞ்ச காலத்தில் ஒரு தொல்லை: பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் இணைப்பு அறுந்துவிடும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். சிக்கல் திறமூல (அதாவது கட்டற்ற மென்பொருள்) பாகத்தில் இருக்கிறது, அந்தத் திட்டத்தின் சமூகத்தை அணுகவும் என்று பதில் வந்தது. பெட்டியின் உரிமக் குறிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், சம்பா மிகப் பழைய பதிப்பு. (உரிமத்தின் கட்டாயத்தால் வைக்கும் இந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லும் ஒரே பக்கம் அதுதான்.) நான் பட்ட பிழையை சம்பா குழு எப்போதோ திருத்தி வெளியிட்டிருந்தது. எழுதியவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள், விற்றவருக்கு அதை எடுத்துப் பெட்டியில் போட நேரமில்லை. ஆனால் என்னை அவர்களிடம் அனுப்ப நேரமிருந்தது. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

‘உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்திலேயே இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, அதுவும் பெரிய எழுத்துகளில். ஆனால் 1991-இல் வந்த அதே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, நகலைத் தருகிறவர் விரும்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்றும் சொல்கிறது. உத்தரவாதம் இல்லை என்பது இலவசமாகக் கொடுத்தவரைக் காப்பாற்ற வைத்த வாசகம். பணம் வாங்கிக்கொண்டு பெட்டி விற்றவர் அதன் பின்னால் போய் ஒளிவது எனக்கு ஒப்பவில்லை.

எழுதியவர்கள் நிலைமை எப்படியென்று பார்த்தால் இது இன்னும் உறுத்தும். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, உலகத்தின் பாதி வணிகம் இணையத் தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இன்னொரு திறமூல நிரலில் ஓட்டை. அதைத் தொடர்ந்து, இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் நிரலை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெருநிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: எங்கள் கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை. இத்தனைக்கும் லாக்4ஜே அவருடைய நிரலே இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார் அவர். எனக்குப் பிடித்த பதில்.

அதே நேரம், ஒரு காசும் கொடுக்காத நான் ஒரு நிறுவனத்திடம் எதைக் கேட்க முடியும்? இங்கே நான் கொஞ்சம் கறார். ரெட் ஹாட் ஆதரவில் வரும் ஃபெடோராவைத் தரவிறக்கிவிட்டு, என் வைஃபை ஓடவில்லை என்று ரெட் ஹாட்டிடம் சண்டை போட எனக்கு உரிமையில்லை. ஆனால் சொன்ன தேதியைக் காப்பாற்றும் கடமை அவர்களுக்கு உண்டு. ரெட் ஹாட் ஆதரவில் வந்த சென்ட்ஓஎஸ் என்ற சர்வர் லினக்ஸின் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும் என்று இருந்ததை, 2020 டிசம்பரில் திடீரென்று 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐபிஎம் 34 பில்லியன் டாலர் கொடுத்து ரெட் ஹாட்டை வாங்கியிருந்தது. சென்ட்ஓஎஸ் இலவசம்தான். ஆனாலும் அந்தத் தேதியை நம்பி சர்வர் அமைத்தவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்கு மாற்றாக அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தது அந்தக் கோபத்தில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சைபர் மீள்திறன் சட்டம் ஏறக்குறைய என் பக்கம் நிற்கிறது. மென்பொருள் உள்ள பொருளை விற்பவர், உள்ளே இருக்கும் திறமூலப் பாகங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பு. பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு தர வேண்டும். ஒரு பாகத்தில் ஓட்டையைக் கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும், தானே திருத்தியிருந்தால் அதையும் பகிர வேண்டும். வணிக நோக்கமில்லாமல் எழுதுகிற தன்னார்வலர் மீது இந்தச் சுமை இல்லை. முக்கிய விதிகள் 2027 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை பழைய பதிப்பை அடைத்து விற்கிறவர்கள் விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதனால் எது வாங்கினாலும் சிலவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறதா, அல்லது நிறுவனத்தின் தளத்தில் ஒரு ஜிப் கோப்பாகக் கிடக்கிறதா? மடிக்கணினி என்றால் எல்விஎஃப்எஸ் பட்டியலில் அந்த மாடல் உண்டா? புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? இப்படிப் பார்த்தால் தேர்வு குறைகிறது, விலையும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. சேமிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, டெபியன் போட்ட ஒரு பழைய கணினியை அந்த வேலைக்கு வைத்துவிட்டேன். அதில் சம்பா புதிய பதிப்பு, பெரிய கோப்பும் முழுதாகப் போய்ச் சேர்கிறது.