படிக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்: டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ஐந்தாண்டுப் பயன்பாட்டில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழுதுக்கு வரும் ஹார்ட் டிஸ்க்குகளில் தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்களும் கல்யாண வீடியோக்களும்தான் அதிகம். தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயன் வீடுகளை இடித்த பிறகு அந்தப் படங்களுக்கு மாற்று கிடையாது. ஆகவே பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். செக்டிஸ்க்கும் வேண்டாம். அது கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவி. கணக்கில் ஒட்டாத பதிவுகளை வெட்டிவிடும்.

டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது தூசியில்லா அறை உள்ள ஆய்வகத்தின் வேலை. இடி மின்னலுக்குப் பின் 3.5 அங்குல வெளி டிஸ்க் அசைவே இல்லையென்றால், முதலில் அதே அளவு 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்றினால் இக்கால டிஸ்க்குகள் ஓடாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அமைப்புத் தரவு இருக்கும், பழைய பலகையின் ரோம் சில்லையும் மாற்றிப் பொருத்த வேண்டும்.

சுழற்சி சீராக இருந்தும் படிக்கவில்லையா? அங்கேதான் டிடிரெஸ்க்யூ (ddrescue), பழுதான டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் கருவி. யுஎஸ்பி பெட்டி கெட்ட செக்டரில் (படிக்க முடியாத சிறு பகுதியில்) உறைந்துவிடும் என்பதால் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கணினியின் சாட்டா இணைப்பில் பொருத்துவது நல்லது. சில கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி பலகையே தரவைக் குறியாக்கம் செய்வதால் அவற்றைக் கழற்றாதீர்கள். நகல் எடுக்கும் டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது பாக்கி என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் வரைபடக் கோப்பை, மூலமும் நகலும் அல்லாத மூன்றாவது இடத்தில் வையுங்கள். மதிய மழையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடர அதுதான் கைகொடுக்கும். முதல் சுற்றில் '-என்' (-n) கொடுத்து நல்ல பகுதிகளை அள்ளுங்கள். அடுத்த சுற்றில் '-ஆர்3' (-r3), அதாவது கெட்ட பகுதிகளை மூன்று முறை மீண்டும் முயல்வது. மூலமும் நகலும் இடம் மாறினால் எல்லாம் அழிந்துவிடும். சீரியல் எண்ணைப் பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள். நல்ல 1 டிபி டிஸ்க் மூன்று மணி நேரத்தில் முடியும். கெட்டது நாள்கணக்கில் இழுக்கும். பொறுமைதான் இங்கே பாதி வேலை.

பிறகு நகலில், தொலைந்த பகுதிகளையும் கோப்புகளையும் மீட்கும் கருவியான டெஸ்ட்டிஸ்க். பெயரும் கோப்புறையும் அப்படியே கிடைக்கும். அது தோற்றால் மட்டும், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்தே தேடி எடுக்கும் போட்டோரெக்; பெயர்கள் போய்விடும், துண்டுதுண்டாகப் பதிந்த நீண்ட வீடியோக்கள் உடைந்து வரும். படங்களுக்குள் கேமரா பதித்துவைக்கும் எக்சிஃப் தகவலில் எடுத்த தேதி பெரும்பாலும் மிஞ்சும். ஆண்டுவாரியாகப் பிரித்துக் கொடுத்தால், எந்தத் தோட்டத்துத் திருவிழா என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.