போட்டி நாள் தட்டுவடை செட்: ஒரு தள்ளுவண்டிக் கடை

சேலம் அம்மாபேட்டையில் மாலை வேளைகளில் நிற்கும் இந்தத் தள்ளுவண்டிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் வாழப்பாடி மைதானத்துக்கு வருவதால், அந்த நாள்களில் மட்டும் கடை குட்டியானையில் ஏறி அங்கே போய்விடுகிறது.

தட்டுவடை மொறுமொறுப்பாக இருக்கிறது. செட்டில் இரண்டு வடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், ஒரு வடையில் புதினாச் சட்னி, மற்றொன்றில் பூண்டு மணக்கும் காரச் சட்னி. கேட்ட பிறகே சட்னி தடவித் தருவதால் வடை நமத்துப்போவதில்லை. ஆனால், இன்னிங்ஸ் இடைவேளையில் கூட்டம் நெருக்கும்போது முன்னதாகவே தடவி அடுக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்துச் செட் பாதிச் சுவைதான். விலையை மட்டும் போட்டி நாளிலும் ஏற்றுவதில்லை.

வியாபாரம் இரட்டிப்பாகியிருக்குமே என்று கேட்டதற்கு, "அங்க வித்தா இங்க விக்காதுங்களே, வண்டி வாடகை வேற" என்றார் கடைக்காரர். பெரிய போட்டிகளின் வருமானக் கணக்கில் பொருளியலாளர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டும் ஓட்டையும் இதுதான். 2023 ஆடவர் கிரிக்கெட் உலகக் கோப்பையால் இந்தியப் பொருளாதாரத்துக்கு 139 கோடி டாலர் பயன் கிடைத்ததாகச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அறிவித்தது. இத்தகைய தொகையைப் படிக்கும்போது, உள்ளூர்க்காரர் எப்படியும் வேறு எதற்காவது செலவழித்திருக்கக்கூடிய பணம் அதில் எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. அம்மாபேட்டை வாடிக்கையாளர் அன்று சாப்பிடாமல் விட்ட செட்டையும் கழித்துப் பார்த்தால், தருமபுரி போன்ற வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்டத்துக்காகவே வந்தவர்கள் வாங்கியது மட்டுமே மாவட்டத்துக்குப் புது வரவு.

அந்தச் சிறு தொகைக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒளிபரப்பு உரிமைப் பணம் ஊரைத் தொடாமலே போய்விடுகிறது. இங்கே வடை உள்ளூர் வீடுகளில் தட்டப்படுகிறது, காய்கறி உழவர் சந்தையிலிருந்து வருகிறது, ஆகவே விற்ற காசில் பெரும்பகுதி இங்கேயே சுற்றுகிறது.

மைதானத்தில் வாங்குவதானால் ஆட்டம் தொடங்குமுன் வாங்கிவிடுவது நல்லது. தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்த முறுக்கு செட் வேண்டுவோர் சாதாரண நாளில் அம்மாபேட்டைக்கே போக வேண்டும். வாழப்பாடிக்கு அதைக் கொண்டுவருவதில்லை.