கப், துணி பேட், பீரியட் பேன்ட்டி: வாங்கும் முன் உங்கள் பாத்ரூமைப் பாருங்கள்

மென்ஸ்ட்ருவல் கப் வாங்கலாமா, துணி பேட் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது? துணி எங்கே காயப்போடுகிறீர்கள்? பிராண்டு, சைஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். யூடியூப் ரிவ்யூக்களில் பெட்டியைத் திறந்து, மடித்துக் காட்டி, கலர் சூப்பர் என்று முடித்துவிடுகிறார்கள். போர் தண்ணீரில் கொதிக்கவைத்த கப் மேல் வெள்ளையாக உப்புப் படிவதைப் பற்றியோ, ஐப்பசி மழையில் காயவே காயாத பேடைப் பற்றியோ பேச்சே இல்லை. நான் சென்னைப் புறநகரில் மாமியார், மாமனாரோடு வாடகை வீட்டில் இருப்பவள், பாத்ரூம் ஒன்று, அதுவும் எல்லோருக்கும் பொது. இந்தச் சூழ்நிலையில் மூன்றையும் சில வருடங்களாகப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன், உங்கள் வீடு வேறு மாதிரி என்றால் உங்கள் முடிவும் வேறாக இருக்கலாம்.

முதலில் கப். பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம், மருத்துவத் தரச் சிலிக்கானில் செய்தது, பெரும்பாலும் 300லிருந்து 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. எக்ஸ்எல் நாப்கின் ஒன்று எட்டு, பத்து ரூபாய் என்று வையுங்கள், மாதம் பதினைந்து போனால் நூற்றைம்பது வரை ஆகிறது. நாலைந்து மாதத்தில் கப் காசு வந்துவிடும். அதற்குப் பிறகு பல வருடம் அதே கப்தான், பத்து வருடம் வரை வரும் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. நான் அவ்வளவெல்லாம் நம்பி உட்காரமாட்டேன். பிசுபிசுப்போ கீறலோ வெடிப்போ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவதுதான் சரி.

சைஸ் விஷயத்தில் பெட்டியின் பின்னால் இருக்கும் அட்டவணை அரைகுறை. முப்பது வயதுக்குக் கீழ் ஸ்மால், சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு லார்ஜ் என்று போட்டிருப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பீரியட்ஸ் நாளில் கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், மூக்கு நுனி மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்படும். முதல் கணு போவதற்குள்ளேயே தட்டினால் கீழே இருக்கிறது, நீளம் குறைந்த கப்தான் ஒத்துவரும். விரல் முழுக்கப் போயும் தட்டவில்லை என்றால் நீளமான கப், இல்லாவிட்டால் எடுக்கும்போது கைக்கு எட்டாமல் பதறிப்போவீர்கள். மற்ற நாட்களில் அளந்தால் கணக்கு தப்பும், பீரியட்ஸ் சமயத்தில் அது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அடுத்தது கப்பின் கெட்டித்தன்மை. ரொம்ப மெதுவான கப் உள்ளே போய் விரியாமல் மடிந்தே கிடக்கும், அந்த வழியாகத்தான் கசிகிறது. ரொம்பக் கெட்டியானது நன்றாக விரியும், ஆனால் மூத்திரப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் போகவைக்கும். முதல்முறை வாங்குபவர்களுக்கு நடுத்தரமே நல்லது.

போடுவதற்கு நம்ம ஊர் இந்தியன் டாய்லெட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து லேசாக முக்கினால் பாதை தளர்ந்து நீளமும் குறைந்துவிடும், போடவும் எடுக்கவும் சுலபம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் அரைகுறையாக உட்கார்ந்து முயற்சி செய்துவிட்டு "எனக்கு இது செட்டாகாது" என்று தூக்கிப்போட்ட தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் பொதுக் கழிப்பறையில் கப்பை எப்படிக் கழுவுவது என்று பெரிய பிரச்சினையாகப் பேசுவார்கள், அங்கே வாஷ்பேசின் வெளியே இருக்கும். நமக்கு உள்ளேயே குழாய், மக்கு, இல்லையென்றால் ஹெல்த் ஃபாசெட். குழாயில் தண்ணீர் வரவேண்டும், அவ்வளவுதான், அது இல்லாத பேருந்து நிலையக் கழிப்பறைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருந்தால் போதும். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை உள்ளே வைக்கலாம் என்பதால் காலையில் வீட்டில் போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் ஆபீஸில் தொடவே தேவையில்லை. உதிரப்போக்கு அதிகமாக இருப்பவர்களுக்கு முதல் இரண்டு நாள் இந்தக் கணக்கு ஓடாது, நாலைந்து மணி நேரத்திலேயே நிரம்பிவிடும்.

எடுக்கும்போது கப்பின் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. கப் உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கும், அடிப்பாகத்தைக் கிள்ளி, காற்று உள்ளே புகுந்து அந்தப் பிடி விட்ட பிறகு மெதுவாக எடுங்கள். காம்பு குத்தினால் கொஞ்சம் வெட்டிவிடலாம், கப்போடு ஒட்ட வெட்டாதீர்கள். விளிம்புக்குக் கீழே குட்டிக் குட்டியாக ஓட்டைகள் இருக்கும், அதில் அழுக்கு அடைத்தால் அடுத்த முறை பிடி சரியாக நிற்காது. கப் நிறையத் தண்ணீர் பிடித்து உள்ளங்கையால் மூடி அழுத்தினால் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இப்போது கொதிக்கவைக்கும் கதை. ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் கப்பைவிடப் பெரிய தலைவலி இதுதான். சமையலறையில், அந்த அடுப்பில், அதுவும் இந்தப் பொருளையா என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம் அதற்கென்றே தனியாக வைத்த பிறகுதான் சமாதானம். "இதெல்லாம் புதுசு புதுசாக் கண்டுபிடிக்கிறாங்க" என்று அத்தை சொன்னார், 1937லேயே அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்ற நடிகை கப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று நான் சொல்லி ஒன்றும் ஆகவில்லை. கொதிக்கும்போது கப் அடியில் ஒட்டாமல் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும், தண்ணீர் வற்றிப்போனால் சிலிக்கான் கருகும். போர் தண்ணீர் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள், மேலே சொன்ன வெள்ளைப் படிவு வராது. டெட்டால் வேண்டாம், வாசனைச் சோப்பும் வேண்டாம், இரண்டும் உள்ளே எரிச்சலைத்தான் கொடுக்கும். காயவைத்து, கூடவே வரும் துணிப்பையில் போடுங்கள், காற்றுப்புகாத டப்பாவில் அடைக்காதீர்கள்.

பாதுகாப்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2019ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,300 பேரின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வந்தது. கசிவு நாப்கினை ஒத்தோ குறைவாகவோதான் இருக்கிறது, ஆனால் பழக சில மாதங்கள் பிடிக்கும் என்பது அதன் சாரம். டாக்சிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற, பாக்டீரியா நஞ்சால் வரும் ஆபத்தான நோய் அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் கையையும் கப்பையும் கழுவுவதில் சோம்பல் கூடாது. யார் யோசிக்க வேண்டும் என்றால், காப்பர்-டி போட்டவர்கள். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் ஆனதுமே காப்பர்-டி போடுவது சகஜம், கப்பைப் பிடி விடுவிக்காமல் இழுத்தால் அது நகர்ந்துவிடலாம், டாக்டரிடம் கேட்காமல் கப் பக்கம் போகாதீர்கள். கருப்பை இறக்கம் இருப்பவர்களும் அப்படியே. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்குக்குக் கப் கூடவே கூடாது. கல்யாணம் ஆகாத பெண்கள் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். கன்னிச்சவ்வு என்பது வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் கதவு இல்லை, விரிந்து கொடுக்கும் ஒரு ஓரத் திசு. சைக்கிள் ஓட்டினாலும் கிழியலாம், அதை வைத்து யாருடைய கதையையும் யாரும் படித்துவிட முடியாது. போட பயமாக இருந்தால் போடவேண்டாம், அது வேறு விஷயம். கட்டாயம் இல்லை.

உள்ளே போடவே பிடிக்காதவர்களுக்குத் துணி பேட். ஆரோவில்லில் இருக்கும் ஈகோ ஃபெம் 2010லிருந்து இதைச் செய்கிறது, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். மெத்தென்ற பருத்தித் துணி அடுக்குகள், கீழே நனையாத ஒரு லேயர், இரண்டு பக்கமும் இறக்கை, அதில் டிச் பட்டன். அழுக்கானதைச் சின்னப் பொட்டலமாக மடித்துப் பட்டன் போட்டுவிடலாம் என்பது ஆபீஸ் போகிறவர்களுக்குப் பெரிய வசதி, ஒரு ஜிப் பை மட்டும் ஹேண்ட்பேகில் இருக்கட்டும். நல்ல துணி பேட் ஒன்று 200, 250 ரூபாய் என்று போகிறது, மாற்றுவதற்கும் சேர்த்து ஏழெட்டாவது வேண்டும் என்பதால் முதல் செலவு கப்பைவிடப் பல மடங்கு. மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு வாங்கி, ராத்திரி மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

துணி பேடில் எனக்கு ரொம்பப் பிடித்தது மே மாத வெயிலில் தொடை உரசிப் புண்ணாகாமல் இருப்பது. நாப்கினின் பிளாஸ்டிக் மேல்பரப்பால் சொறியும் கொப்புளமும் வருகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். பிடிக்காதது, ஸ்கூட்டி ஓட்டும்போது பட்டனோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்வது. இறுக்கமான ஜட்டி போட்டால் கொஞ்சம் அடங்கும்.

துவைப்பதில் ஒரே விதி, முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தக்கறை துணியிலேயே பிடித்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சிவப்பு போகும்வரை அலசி, அப்புறம் சோப்பு. அலசிவிட்டால் மெஷினிலும் போடலாம், ஆனால் கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றவேண்டாம், நூலின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். எங்கள் போர் தண்ணீரில் வெளிர்நிறப் பேட் சீக்கிரமே மஞ்சளாகி விறைத்துப்போகிறது, அடர்நிறம் வாங்குங்கள். அடுத்தது காயவைப்பது, பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நம் அம்மா, பாட்டி காலத்துத் துணியால் தொற்று வந்தது என்றால் அது துணியின் குற்றம் இல்லை. வேட்டிக்கும் பாவாடைக்கும் அடியில், கட்டிலுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் ஈரத்தோடு ஒளித்துக் காயப்போட்டதன் பலன். நான் மொட்டைமாடியில் கிளிப் ஹேங்கரில், நல்ல வெயிலில், எல்லாத் துணியோடும் தொங்கவிடுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் அதற்கு வழியே இல்லை, மேலே துண்டைப் போட்டு மூடித்தான் ஆகவேண்டும் என்றால் துணி பேட் உங்களுக்கானது இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எனக்குமே சிரமம்தான், தடிமனான நைட் பேட் இரண்டு நாள் ஆகியும் நடுவில் ஜில்லென்று இருக்கும். அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸ் வைத்தால் அடியில் இருக்கும் நனையாத லேயர் வீணாகிவிடும். அந்த மாதங்களில் கப், மற்ற மாதங்களில் பகலில் கப், ராத்திரி துணி என்று ஓட்டுகிறேன்.

ரத்தத்தைத் தானே உறிஞ்சும் ஜட்டியான பீரியட் பேன்ட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. ஆன்லைனில் ஆஃபர் பார்த்து வாங்கியது (பெயர் வேண்டாம்), சில மாதத்திலேயே இடுப்பு எலாஸ்டிக் தொளதொளத்துப்போனது, உள்ளே என்னென்ன லேயர் என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. மாற்றவேண்டும் என்றால் வெளியிடத்தில் முழு உடையையும் கழற்ற வேண்டும், அது யாருக்கு வசதி என்று தெரியவில்லை. கடைசி நாள் துளித்துளியாக வருவதற்கும், கப் பழகும் மாதங்களில் பின்துணைக்கும் சரி. அமெரிக்காவில் திங்ஸ் நிறுவனத்தின் பேன்ட்டிகளில், துணி நனையாமல் இருக்கச் சேர்க்கும் பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனம் இருப்பதாகப் போட்ட வழக்கு 2023ல் சமரசத்தில் முடிந்தது, நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் "கசியாது" என்று மட்டும் போட்டுவிட்டு எதனால் கசியாது என்று சொல்லாத பொருளை நான் வாங்குவதில்லை. மறுபயன்பாட்டுப் பேடுக்கும் பேன்ட்டிக்கும் ஐஎஸ் 17514 என்று இந்தியத் தர நிர்ணயமே 2021ல் வந்துவிட்டது, லேபிளில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள்.

கேரளாவை இதில் பாராட்டியே ஆகவேண்டும். 2019ல் ஆலப்புழை நகராட்சி, மத்திய அரசு நிறுவனமான எச்எல்எல்லின் 'திங்கள்' என்ற கப் திட்டம் மூலம் 5,000 கப்களை இலவசமாகக் கொடுத்தது, எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி 2022ல் நாப்கின் இல்லாத பஞ்சாயத்து என்று அறிவிக்கப்பட்டது. கப்பைக் கையில் கொடுத்ததோடு விடாமல் எப்படிப் போடுவது என்று பயிற்சியும் கொடுத்தார்கள். நம்ம ஊரில் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் பல வருடமாக வருகிறது, நல்லதுதான், ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதற்குப் பதில் இல்லாத பள்ளிகள் எத்தனை! குப்பை பிரிக்கும் அக்காக்கள் கையுறைகூட இல்லாமல் அதைத் தொட்டுப் பிரிப்பதைத் தெருவில் தினமும் பார்க்கிறோம்.

வாங்கும்போது ஒரு விஷயம். கப், பேட் இரண்டையுமே திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சீல் உடைந்த பெட்டி வந்தால் பிரிக்காமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். 99 ரூபாய்க்கு மூன்று கப் என்று வரும் விளம்பரங்களில் எந்தச் சிலிக்கான் என்றே இருக்காது, அதைத் தொடாதீர்கள். முடிந்தால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் சைஸ் கேட்டால் சிலர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். பீரியட்ஸ் தொடங்கிய அன்றைக்கு அவசரமாக ஆர்டர் போடாமல் இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி, முதல் முயற்சியை லீவு நாளில், வீட்டில் வேறு யாரும் பாத்ரூம் கதவைத் தட்டாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.